விடையும் செய்வழியும்

கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதிச் செய்வழியைக் காட்டாத மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. விடை தவறு என்பதன்று காரணம்; அது சரிதானா என்று பிறர் சோதித்துப் பார்க்க இயலாது என்பதே காரணம். சட்ட ஆராய்ச்சிக்கும் இவ்விதி பொருந்தும். மனித உயிரே பொருளாக நின்ற ஒரு வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவோம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் அந்நாட்டின் மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாதனவாக்கியது. பல மாநிலங்கள் புதிய சட்டங்கள் இயற்றின. இந்நிலையில், 1975-இல் ஐசக் எர்லிக் என்னும் பொருளியல் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1933 முதல் 1969 வரையுள்ள புள்ளி விவரங்களை ஆராய்ந்து, ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கக்கூடும் என்றார். நடுவண் அரசின் வழக்குரைஞர் இவ்வாய்வை உச்ச நீதிமன்றத்தின் முன் எடுத்துக் காட்டினார்.

அவ்வாண்டிலேயே பவர்ஸ், பியர்ஸ் என்னும் இருவர் அதே காலத்துக்குரிய விவரங்களைத் திரட்டி, எர்லிக் சென்ற வழியிலேயே மீண்டும் கணக்கிட்டனர். பிற்பட்ட சில ஆண்டுகளை நீக்கியதும் தடுக்கும் பயன் மறைந்துபோயிற்று. சில ஆண்டுகளின் போக்கே முழு முடிவையும் தாங்கி நின்றது.

1976-இல் நீதிமன்றம் புதிய சட்டங்கள் சிலவற்றை ஏற்றது. புள்ளி விவர ஆய்வுகள் முடிவான விடை தரவில்லை என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் எர்லிக் ஆய்வின் குறையை விரித்துரைத்தார். 1977 ஜனவரியில் மரண தண்டனை மீண்டும் நிறைவேறியது. 1978-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, இவ்வகை ஆய்வுகள் பயனுள்ள சான்று தரவில்லை என்றது. 2012-இல் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழுவும் அதனையே கூறியது.

மறுகணக்கு நடந்ததால் குறை வெளிப்பட்டது. ஆயினும் எல்லா ஆய்வுக்கும் இப்பேறு கிட்டுவதில்லை. அமெரிக்கச் சட்ட ஆய்விதழ்களிற் பெரும்பாலானவற்றை மாணவர்களே பதிப்பிக்கின்றனர். 2002-இல் லீ எப்ஸ்டீன், கேரி கிங் ஆகியோர் அவற்றில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, முடிவு காணும் விதிகள் பரவலாக மீறப்படுவதைக் காட்டினர். ஆசிரியரிடம் வேறெதுவும் கேளாமலே பிறரொருவர் அவ்வாய்வைத் திரும்பச் செய்ய இயலவேண்டும் என்பதே அவர்கள் வற்புறுத்திய நெறி.

நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறார். அதனாலன்றோ மேல்மன்றம் அதனைச் சோதிக்க முடிகிறது! அவர்முன் ஆய்வை வைக்கும் அறிஞருக்கும் அக்கடமை உண்டு. செய்வழி காட்டும் பழக்கத்தை நம் வகுப்பறையிலேயே ஊன்றுவோமாக.