ஸ்டியரிங் லொடலொடன்னு ஆடுதா? பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போனாலும் மலைப்பாதைதான். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு சக்கரம் தாமதமாகத் திரும்பினால், இந்த வளைவுகளில் கார் பக்கத்து லேனுக்குள் போய்விடும். மதுரை - கரூர் நான்கு வழிச்சாலையில் வேகமாகப் போகும்போதும் இதே ஆபத்துதான்.

1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் இந்த வண்டியையும் இதே காலத்து கார்களையும் இன்னும் பலர் ஓட்டுகிறார்கள். இன்ஜின் நல்லா இருக்கு என்பதாலேயே ஸ்டியரிங்கும் நல்லா இருக்கு என்று அர்த்தம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது?

ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு ஒரு சிறிய பல்சக்கரத்தைச் சுற்றும். அது ரேக் என்ற பல் வைத்த கம்பியை இடதும் வலதுமாகத் தள்ளும். ரேக்கின் இரு முனைகளிலும் ரேக் எண்ட், அடுத்து டை ராடு எண்ட். இவைதான் சக்கரத்தைத் திருப்புகின்றன. சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிப்பது லோயர் ஆர்மில் உள்ள பால் ஜாயிண்ட்.

இந்த ஜாயிண்டுகளுக்குள் ஒரு உருண்டை கிரீஸில் சுழலும். மேலே ரப்பர் பூட் மூடியிருக்கும். வெயிலில் ரப்பர் வெடித்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் உருண்டை தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். பள்ளமும் வேகத்தடையும் அதைச் சீக்கிரமாக்கும்.

எவ்வளவு ஆட்டம் வரை பரவாயில்லை?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-வது விதிப்படி, ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

ஆனால் இது சட்டத்தின் கடைசி எல்லை. 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்றால் விளிம்பில் சுமார் 10 செ.மீ. வரும். சின்ன கார்களில் பொதுவாக 3 செ.மீ.க்குள் இருப்பதே நல்லது. அதைத் தாண்டினாலே காரணத்தைத் தேட வேண்டும்.

வீட்டு வாசலிலேயே செய்யும் சோதனை

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வையுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பி, எத்தனை செ.மீ. வீணாகப் போகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள்.

2. ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் வெளியே நின்று முன்சக்கரத்தின் பின்பக்கம் பாருங்கள். கம்பி நகர்ந்தும் சக்கரம் உடனே நகரவில்லை என்றால் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கிறது.

3. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். டயரின் இடது, வலது பக்கங்களைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் டை ராடு அல்லது ரேக் எண்ட் பக்கம் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட்.

4. இதில் எது என்று பிரிக்க, ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் மீது சந்தேகம்.

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது.

எந்த அறிகுறிக்கு என்ன காரணம்?

• பள்ளத்தில் 'டக் டக்' சத்தம்: பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ்.
• நேர் சாலையிலும் அடிக்கடி ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டியிருப்பது: டை ராடு, ரேக்.
• ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு: பெரும்பாலும் வீல் பேலன்சிங். ஸ்டியரிங் பாகங்களை மாற்றினால் இது சரியாகாது.
• டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது: அலைன்மெண்ட் கோளாறு. அதற்குப் பின்னாலும் தேய்ந்த ஜாயிண்ட் இருக்கலாம்.

எதை மாற்றலாம், எதைச் செய்யக் கூடாது?

பூட் மட்டும் கிழிந்து, ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால் புது கிரீஸ் வைத்து பூட்டை மாற்றினால் போதும். செலவு குறைவு. ஆட்டம் வந்துவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும். சில கார்களில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கும். சிலவற்றில் லோயர் ஆர்ம் முழுசாகத்தான் மாற்ற முடியும்.

டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதையும் அதே அளவு முடுக்குவது மெக்கானிக்குகளின் வழக்கம். அப்படிச் செய்தாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடக் கூடாது.

ஆட்டத்தைக் குறைக்க ரேக்கை இஷ்டத்துக்கு டைட் வைப்பதும் தவறு. வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் இழுத்துப் பிடிக்கும். தேய்ந்த ஜாயிண்டுக்கு வெல்டிங் வைப்பது அதைவிட ஆபத்து. டை ராடு கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கார் தரையில் அமர்ந்துவிடும்.

15 வருஷம் ஆன காருக்கு?

சொந்தப் பயன்பாட்டு காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். TN-57 என்ற திண்டுக்கல் பதிவு எண் கொண்ட பல பழைய கார்களுக்கு இந்தக் கட்டம் வந்தாச்சு. அப்போது மட்டும் ஸ்டியரிங்கைப் பார்த்தால் போதாது. டயர் மாற்றும்போதும், மலைப்பயணத்துக்கு முன்பும் மேலே சொன்ன சோதனையைச் செய்யலாம். ஸ்கேல், ஜாக்கி, கூட ஒரு ஆள் இருந்தால் கால் மணி நேர வேலைதான். அளவு 3 செ.மீ.யைத் தாண்டினால், மலை ஏறும் முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.