துண்டுச் சீட்டும் பிளாஸ்டிக் அட்டையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மஸ்கெலியாவில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவருடைய தாயாரின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. டெபிட் அட்டையையும் இரகசிய எண் எழுதிய தாளையும் ஒரே பையில் வைத்திருந்த அந்த அம்மா, அட்டன் பஸ்ஸில் பையைத் தொலைத்துவிட்டார். வங்கிக்கு அறிவிப்பதற்குள் பெரும்பகுதிப் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. "கடனட்டையாக இருந்திருந்தால் அம்மாவின் காசு தப்பியிருக்குமா, ஐயா?" என்று மகன் கேட்டார்.

1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில், கடும் வரட்சியில் மீண்டும் தலைகாட்டும். அந்தக் கேள்வியும் அவ்வாறே ஒரு பழைய வரலாற்றை என் நினைவில் வெளிக்கொணர்ந்தது.

மலையக மக்களுக்குக் கடன் என்ற சொல்லே அச்சம் தருவது. அதற்குக் காரணம் உண்டு. ஆட்களைத் திரட்டுவதற்குத் தோட்டம் பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தது. கங்காணி அதைத் தொழிலாளர் கணக்கில் பற்று எழுதினார். 1901இல் வந்த 'டின் டிக்கட்' முறையில், மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் அடையாளங்கள் பொறித்த உலோகத் தகடு ஒன்று தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் கையில் காசின்றியே தோட்டம் வந்து சேரலாம். செலவைத் தோட்டம் ஏற்கும். பின்னர் அது கடனாக அவர் தலையிலேயே வந்து விழும். இன்றைய கடனட்டைக்கு அது ஒரு விதத்தில் முன்னோடி என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோட்டம் மாற வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் புதிய பேரேட்டுக்கு மாறும். துண்டு கைமாறக் கைமாறக் கடன் பெருத்தது. தான் கண்ணாலும் காணாத பணத்துக்குத் தொழிலாளி பொறுப்பாளியானார். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறையும் காத்திருந்தது.

1921இல் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது. 1923 முதல், ஆட்களை அழைத்துவரும் செலவு தோட்டங்கள் செலுத்தும் பொது நிதியின் பொறுப்பாயிற்று. புதிதாக வந்தவர் கடனின்றி வந்திறங்கினார். பயணச் செலவு குறைந்துவிடவில்லை. அதைச் சுமக்கும் தோள்தான் மாறியது.

அட்டைகளின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1970இல் வந்த சட்டத் திருத்தம், திருடப்பட்ட கடனட்டையால் உரிமையாளருக்கு ஏற்படும் பொறுப்பை 50 டாலருக்குள் மட்டுப்படுத்தியது. டெபிட் அட்டைக்கு 1978இல் வந்த சட்டம் அவ்வளவு தாராளமானதன்று. இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை. கணக்கறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்களுக்கு மேலும் பேசாதிருந்தால், அதன் பின்னர் போவது முழுவதும் போகலாம். கடனட்டையில் முதலில் களவு போவது வங்கியின் பணம். டெபிட் அட்டையில் நம்முடையது. தகராறு தீரும்வரை வெறுங்கையுடன் நிற்பவரும் நாமே.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். திருட்டைப் பொறுத்தவரை கடனட்டைக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட இயலாதவருக்கு அது இன்னொரு துண்டு. டெபிட் அட்டைதான் வேண்டுமென்றால், சேமலாபப் பணத்தை அட்டையில்லாத கணக்கில் வைத்து, கைச்செலவுக்கு மட்டும் வேறொரு கணக்கை வைத்திருங்கள். இரகசிய எண்ணை எழுதி வைக்காதீர்கள். அட்டை தொலைந்தால் அந்த நிமிடமே வங்கியை அழையுங்கள்.

எந்தச் சீட்டை நீட்டினாலும் அதைப் பெறுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நட்டம் வந்தால் அது யார் கணக்கில் எழுதப்படும்? நம் பாட்டன்மாருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.