இரட்சணிய யாத்திரிகம் பிறந்த கதை

தமிழ்நாட்டில் இளங்கலையோ இளம் அறிவியலோ படிக்கும் மாணவர்கள் பகுதி 1 தமிழில் சிலம்பும் கம்பனும் படிக்கிறார்கள். பல பாடத்திட்டங்களில் தேம்பாவணி, சீறாப்புராணத்தோடு இரட்சணிய யாத்திரிகமும் இருக்கும். சில பாடல்கள், ஒரு நெடுவினா, ‘கிறித்தவக் கம்பர் யார்?’ என்றொரு குறுவினா. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில பாடல்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் படித்த படிப்பு இருக்கிறது.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் ஒரு வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணம் காதில் விழுந்துகொண்டே இருந்த வீடு அது. யாப்பும் இலக்கணமும் முறையாகக் கற்றுத் தேர்ந்த பின், 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவ மிஷன் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியர் ஆனார். ஜி.யு. போப் உருவாக்கிய கல்விச்சாலை அது. நெற்றியில் நாமம் தரித்த குடும்பத்துப் பிள்ளை, கிறித்தவ வேதம் படிக்கும் மாணவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். அங்கே நண்பர்கள் வழியாகக் கிறித்தவ நூல்கள் அவர் கைக்கு வந்தன. படித்தார், நெடுநாள் மனத்துக்குள் வாதாடினார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்களையும் ஏற்றார். கிருஷ்ணன் என்ற பெயரை விட்டுவிடவில்லை.

அவர் மனத்தில் நிலைத்த நூல்களில் ஒன்று ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’. பனியன் பாத்திரங்களின் ஓட்டை அடைக்கும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். 1678இல் வெளிவந்த அவர் நூலில், அழியப்போகும் நகரத்தை விட்டு ஒருவன் முதுகில் பாரத்தோடு புறப்படுகிறான், சேற்றில் விழுகிறான், சிலுவையடியில் பாரம் தானாகக் கழன்று உருள்கிறது. எளிய ஆங்கில உரைநடை.

இதை அப்படியே தமிழாக்குவதோடு கிருஷ்ணபிள்ளை நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தான் கற்ற காப்பிய மரபு முழுவதையும் அந்தப் பயணிக்குத் துணையாக அனுப்பினார். உரைநடை விருத்தமாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள் அமைந்தன. ஆதி பருவமும் ஆரணிய பருவமும் வில்லிபாரதத்தில் உள்ள பெயர்களே. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை வைத்தார். நற்போதகம் இதழில் தொடராக வந்து, 1894இல் நூலான இரட்சணிய யாத்திரிகத்தில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன.

குமார பருவத்தைக் கவனிக்க வேண்டும். இயேசு பிடிபட்டதும் விசாரிக்கப்பட்டதும் பாடுபட்டதும் அங்கே விரிவாக வருகின்றன. பனியன் நூலில் இந்த வரலாறு இப்படி விரித்துச் சொல்லப்படவில்லை. அவருடைய வாசகர்களுக்குச் சிறுவயது முதல் தெரிந்த கதை அது. சிலுவை என்று ஒரு சொல் சொன்னால் அவர்களுக்குப் போதும். தாமிரபரணிக் கரை வாசகருக்கு அது போதாது. பாரம் ஏன் கழன்றது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடையாகவே இந்தப் பருவம் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். சரணடைந்தவனைத் தாங்கும் இறைவனைப் பற்றி வைணவ வீட்டில் கேட்டு வளர்ந்தவருக்கு, அருளால் மட்டுமே மீட்பு என்ற பனியனின் நம்பிக்கை முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது.

ஒரு சிந்தனை மரபைப் படிக்கும் முறையை இதிலிருந்து கற்கிறேன். கற்றதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு கிருஷ்ணபிள்ளை புதிய நூலுக்குள் நுழையவில்லை. கம்பனையும் வில்லியையும் கூட்டிக்கொண்டு போனார். அதனால்தான் பனியன் சொல்லாமல் விட்டது அவர் கண்ணில் பட்டது.

இன்றைய கல்லூரியில் ஆங்கில இலக்கிய மாணவர் பனியனைப் படிக்கிறார். தமிழ் மாணவர் கிருஷ்ணபிள்ளையைப் படிக்கிறார். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். ஒரு மாலை அவர்கள் சேர்ந்து உட்காரட்டும். ஒருவர் பாரம் கழலும் பக்கத்தை வாசிக்க, மற்றவர் குமார பருவத்தை விருத்த ஓசையோடு உரக்கப் படிக்கட்டும். சாயர்புரத்துத் தமிழாசிரியர் தனியாக இருந்து செய்த வேலை அதுதான்.