மண்ணறையில் வைத்த பொருள்

உறையூரிலிருந்து ஆண்ட சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது, ஐயூர் முடவனார் என்னும் புலவர் குயவர் ஒருவரை விளித்துப் பாடினார். இத்துணைப் பெரும்புகழ் படைத்த மன்னனைக் கவிக்கத்தக்க தாழியை உன்னால் வனைய இயலுமோ என்பது அப்பாடலின் கருத்து. புறநானூற்றின் 228-ஆம் பாடல் அது. இறந்தோரைத் தாழியிலிட்டு அடக்கும் வழக்கம் திருச்சிராப்பள்ளிப் பகுதி மக்களுக்குப் புதியதன்று என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

இவ்வழக்கத்தின் வேர், தாழிகள் பெருகிய இரும்புக் காலத்திற்கும் முற்பட்டது. திருவரங்கத்தைத் தீவாக்கி இரு கிளையாய் ஓடும் காவிரியை எதிர்த்து மேற்கே சென்றால், கருநாடகத்தில் கபினி ஆறு அதனோடு கூடுமிடத்தில் திருமகூடலு நரசிபுரம் உள்ளது. 1959-இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் அங்கு அகழாய்வு நடைபெற்றது. கல்லைத் தீட்டிக் கோடரி செய்து, கால்நடை வளர்த்து வாழ்ந்த புதிய கற்கால மக்களின் குடியிருப்பும், அவர்கள் இறந்தோரை அடக்கிய குழியும் வெளிப்பட்டன. நீட்டிக் கிடத்தப்பெற்ற ஓர் உடலுடன் மட்கலங்களும், சுட்ட மண்ணாலான தலையணை ஒன்றும் இருந்தன.

இத்தகைய குழியை அகழ்வோர் அவசரப்படுவதில்லை. தோண்டி மூடப்பட்ட மண் சுற்றுமண்ணிலிருந்து நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபடும். அதனைக் கொண்டே குழியின் எல்லையை அறிகின்றனர். பின்னர்த் தூரிகையால் மண்ணை அகற்றி, எலும்பும் கலமும் கிடந்தவாறே அளந்து, வரைந்து, படமெடுத்த பின்னரே அவற்றை எடுக்கின்றனர். தலை எத்திசையில் இருந்தது, கலம் தலைமாட்டில் இருந்ததா கால்மாட்டில் இருந்ததா என்பன போன்ற குறிப்புகள் இழக்கப்படின், எஞ்சுவது வெறும் பானையே.

இனி, அந்த மண் தலையணைக்கு என்ன பொருள் கொள்வது? மரணத்தை நீண்ட உறக்கமாக அம்மக்கள் கருதினர் எனலாம். இறந்தவர் நாள்தோறும் பயன்படுத்திய பொருளை அவருடனேயே வைத்தனர் எனலாம். பண்டை எகிப்தியரும் தலைதாங்கியைக் கல்லறையில் வைத்தனர். ஆப்பிரிக்க மக்கள் சிலர் அண்மைக் காலம் வரை அதில் தலைவைத்து உறங்கினர். எனினும் ஒப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகிவிடாது. 1947-இல் வீலர் அகழ்ந்த பிரம்மகிரியில் புதிய கற்காலக் குழந்தைகள் பானைகளில் அடக்கப்பட்டிருந்தனர். பெற்றோரின் துயரை அங்கு நம்மால் உணர முடிகிறது. அவர்தம் நம்பிக்கையை எலும்பும் ஓடும் முழுவதுமாக உரைப்பதில்லை.

பொருள் மிகுந்த குழி செல்வருடையது, பொருளற்ற குழி வறியவருடையது என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு எத்துணைப் பிழையாகக்கூடும் என்பதை நம் கபறுஸ்தானங்களே உணர்த்தும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1795-இல் மறைந்தார். அவர்தம் அடக்கத்தலம் திருச்சியில் உள்ளது. நவாபாயினும் கூலிக்காரராயினும் இஸ்லாமிய முறையில் உடன் செல்வது கபன் துணியே. அத்துணியும் மண்ணில் மக்கிவிடும். மூவாயிரம் ஆண்டுகள் கழித்து நம் மண்ணறைகளைக் காண்பவர், ‘இங்கு வாழ்ந்தோர் ஏதுமற்ற ஏழைகள்’ என்று எழுதுவாராயின் அது எவ்வளவு பெரிய தவறு! கூர்ந்து நோக்குபவரோ வேறொன்றைக் காண்பார். உடல்கள் யாவும் வடக்கு தெற்காகக் கிடந்து, முகங்கள் மேற்கே கிப்லாவை நோக்கியிருக்கும். பொருள் சொல்லாததை அந்தத் திசை சொல்லிவிடும். வெறுமை இங்கே வறுமையன்று. இறைவன் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கையே அவ்வாறு வெறுமையாக வைத்தது.

ஆகவே ஈமப்பொருள் இறந்தவரின் செல்வக் கணக்கன்று. அது, இருந்தோர் தம் கையால் செய்த இறுதிக் கடமை. தலையணை வைத்த கையும், கபனைப் போர்த்திய கையும் அன்பினால் இயங்கியவையே.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் வயலைச் சமன்செய்யும்போதும் இன்றும் தாழிகள் வெளிப்படுகின்றன. புதையல் இருக்குமென்று அவற்றை உடைப்போர் உண்டு. உடைபடுவது ஓடு மட்டுமன்று. ஒரு குடும்பம் தன் உறவினருக்குச் செய்த கடமையின் ஒரே சாட்சியமும் அழிகிறது. மண்வெட்டியை அங்கேயே நிறுத்தி, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறையினருக்கோ செய்தி சொல்வதே முறை. நம்மவர் மண்ணறைக்கு நாம் விரும்பும் மரியாதையைப் பெயரறியாத அந்த முன்னோருக்கும் அளிப்போமாக.