பெரும்பான்மையும் சிறுபான்மையும்: பொருநைக்கரை உணர்த்தும் அளவை நெறி

“சமணர் என்போர் வடநாட்டு வணிகர்.” தமிழ்ச் சைனக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியிலும் அலுவலகத்திலும் அடிக்கடி கேட்கும் கூற்று இது. இதனை முழுப் பொய் என்று தள்ளிவிட இயலாது. இந்தியச் சைனரில் பெரும்பாலோர் மகாராட்டிரம், இராசத்தான், குசராத்து, மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வாழ்பவர்களே. எனினும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்து, தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகப் போற்றும் நயினார் குடும்பங்களை அக்கூற்று மறைத்துவிடுகிறது. பெரும்பாலும் உண்மையான ஒரு பொதுக்கூற்றைக் கொண்டு எதனை முடிவு செய்யலாம், எதனை முடிவு செய்யலாகாது என்பது பழைய வினா. அதற்கு விடை தேடும் முயற்சிகளில் சிலவற்றின் தடம் பொருநை நாட்டிலேயே காணக் கிடைக்கிறது.

திருநெல்வேலியை அடுத்த மறுகால்தலையில், பூவிலுடையார் மலைக்குகையில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வெண்காசிபன் என்பவன் அவ்வுறைவிடத்தை அமைத்துக் கொடுத்த செய்தியை அது கூறுகிறது. எச்சமயத்தார்க்குக் கொடுத்தான் என்று அது கூறவில்லை. தமிழ்ப் பிராமி எழுத்துடைய குகைத்தளங்கள் பெரும்பாலும் சமண முனிவர் உறைந்தவை. ஆகவே இதுவும் அவ்வாறே இருத்தல் கூடும் என்று அறிஞர் கொள்கின்றனர். இம்முடிவு முழு உறுதியுடையதன்று. வீண் ஊகமும் அன்று. மாறான சான்று கிடைக்கும்வரை நிற்கத்தக்கது. நாள்தோறும் மக்கள் செய்யும் அனுமானங்களிற் பல இவ்வகையினவே.

பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்த கழுகுமலை மற்றொரு பாடம் கற்பிக்கிறது. அங்குத் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் நூறளவான வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியர் காலத்தில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சிறப்புற்றிருந்த அப்பள்ளியின் ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் ஆகியோரின் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. திருவுருவங்களைச் செய்வித்தோருள் தச்சரும் குயவரும் கொல்லரும் உளர். ‘சமணம் வணிகர் சமயம்’ என்னும் பொதுக்கூற்றுக்கு அம்மலைப்பாறையே மறுப்புரை எழுதி வைத்திருக்கிறது.

இலக்கணத்தில் இவ்வினா மேலும் தெளிவாக எழுகிறது. 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கச் சைனரான பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். பொதுவிதி கூறுதல், அதற்கு விலக்காவனவற்றைச் சிறப்புவிதியாக எடுத்தோதுதல், எஞ்சியவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்ளுதல் என்பது அந்நூல் செல்லும் நெறி. உயிரீற்றின் முன் வல்லெழுத்து மிகும் என்பது பொதுவிதி. அதனால் மலையும் கோட்டையும் சேர்ந்து மலைக்கோட்டை ஆகின்றன. ஆயினும் வினைத்தொகையாகிய ‘விரிகதிர்’ என்பதில் வல்லெழுத்து மிகாது. விலக்கு ஒன்று தோன்றியதனால் விதி அழிவதில்லை. விதி உள்ளது என்பதற்காக விலக்கு பிழையாவதும் இல்லை.

இந்நூலுக்கு விருத்தியுரை கண்டவர் திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர். ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் மருதப்பர் அவ்வுரைக்குத் துணைநின்றார். பாபநாசத்தின் அருகே, பொருநைக்கரை விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விளக்கினார். இவ்வுரையாசிரியர் இருவரும் சைவர். சைன முனிவர் நூலைப் பயின்று வளர்த்த அவர்கள் தொழிலிலேயே பன்மை நோக்கு அமைந்திருக்கிறது. ‘பெரும்பான்மை’, ‘சிறுபான்மை’ என்னும் இரு சொற்களும் தமிழ் உரைமரபின் அன்றாடக் கருவிகள். எல்லாம், ஒன்றுமில்லை என்னும் இரு முனைகளுக்கு இடையே நின்று சிந்திக்க அவை பயன்பட்டன.

சைன அளவை நூல்கள் இதனினும் ஆழமாகச் சென்றன. அநேகாந்தவாதத்தின்படி ஒரு பொருள் பல தன்மைகளை உடையது. ஆகையால் எக்கூற்றும் ‘சியாத்’ என்னும் சொல்லால் வரையறுக்கப்படுதல் வேண்டும். ‘சியாத்’ என்பதற்கு ‘ஒருவேளை’ என்று பொருள் கொள்வது தவறு. ‘ஒரு நோக்கில்’ என்பதே அதன் கருத்து. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கையும் கருதி, ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, சொல்லொணாதது என்பவற்றின் சேர்க்கையால் எழுவகைக் கூற்றுகள் பிறக்கும். இதுவே சப்தபங்கி.

20ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர் பார்வை இதன்பால் திரும்பியது. புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ் 1954இல் தம் துறையின் அடிப்படைகளைச் சியாத்வாதத்தோடு ஒப்பிட்டு எழுதினார். உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் சப்தபங்கி குறித்து ‘சாங்க்யா’ இதழில் கட்டுரை வரைந்தார். பாகு நகரிற் பிறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய லோட்பி சாதே 1965இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ‘ஃபஸி லாஜிக்’ என்னும் மங்கல் அளவை வளர்ந்தது. ஒரு பொருள் ஓர் இனத்தைச் சேரும் அல்லது சேராது என்று மட்டும் கூறாமல், 0 முதல் 1 வரை எந்த அளவுக்குச் சேரும் என்று அது கணக்கிடுகிறது.

1980களில் சாதே பொதுக்கூற்றுகளை எடுத்துக்கொண்டார். ‘தாமிரபரணி வற்றாத ஆறு’ என்று நெல்லையார் கூறும்போது ‘பெரும்பாலும்’ என்னும் சொல் மறைந்து நிற்கிறது. மறைந்த அச்சொல்லை மீட்டு, அதனையும் ஒரு மங்கல் எண்ணாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது அவர் கருத்து. பத்தில் எட்டுப் பங்கைப் ‘பெரும்பாலும்’ என்று கொள்வோம். ஓரினத்தாரில் பெரும்பாலோர் ஒரு தன்மை உடையவர். அத்தன்மையுடைய அவ்வினத்தாரில் பெரும்பாலோர் வேறொரு தன்மையும் உடையவர் எனின், இரண்டும் உடையோர் நூற்றுக்கு 64 பேர். படி ஏற ஏற உறுதி தேய்கிறது.

இக்கணக்கு மற்றோர் எச்சரிக்கையும் தருகிறது. தமிழ்ச் சைனர் அனைவரும் சைனர். சைனரில் பெரும்பாலோர் வடநாட்டார். இவ்விரண்டிலிருந்து தமிழ்ச் சைனரில் பெரும்பாலோர் வடநாட்டார் என்று முடிவு செய்ய முடியாது. சிறிய இனம் முழுவதும் பெரிய இனத்தின் விலக்குப் பகுதியிலேயே அடங்கிவிடக்கூடும். தொடக்கத்திற் கண்ட கூற்று இடறி விழும் இடம் இதுவே.

இவற்றை வைத்து, மங்கல் அளவையைச் சைன ஆசாரியர் அன்றே கண்டுவிட்டனர் என்று விழாமேடையிற் கூறுவது எளிது. ஆனால் அதுவும் ஏகாந்தமே. சாதே அளந்தது ‘எவ்வளவு’ என்பதை; சியாத்வாதம் வினவுவது ‘எந்நோக்கில்’ என்பதை. குடம் பாதி உண்டு, பாதி இல்லை என்று சப்தபங்கி கூறவில்லை; குடமாக உண்டு, துணியாக இல்லை என்றே கூறுகிறது. இரண்டும் வெவ்வேறு நெறிகள். ஆயினும் ‘இது மட்டுமே உண்மை’ என்று அடித்துரைப்பதன் குற்றத்தை இரண்டும் உணர்ந்தன. அவ்வகையில் அவை உறவுடையன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சைனர் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு பகுதியினரே. சிறுபான்மையுள் சிறுபான்மையான இம்மக்கள் பொதுக்கூற்றுகளால் மறைக்கப்படும் வருத்தத்தை அறிந்தவர்கள். ஆகவே பிறரைப் பற்றித் தாம் கூறும் பொதுக்கூற்றுகளிலும் அவ்வருத்தம் நேராமற் காத்தல் அவர்களுக்கு உரிய கடமையாகும். மறைந்து நிற்கும் ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லை வாய்திறந்து சொல்லிவிடுதல் சொல்லளவில் நிகழும் அகிம்சை. தம் பிள்ளையிடம் ஒருவர் “நீங்கள் வடநாட்டாரா?” என்று வினவும்போது சினம் வேண்டியதில்லை. ஒரு நோக்கில் அவர் அறிந்தது சரி. கழுகுமலைப் பாறையையும் நன்னூலையும் எடுத்துக்காட்டி, மறு நோக்கையும் அவருக்கு அமைதியாக உணர்த்தினால் போதும்.