சரக்குந்துப் பொறியில் எண்ணெய் மாற்றும் இடைவெளி

எண்ணெய் மாற்றும் இடைவெளி என்பது சரக்குந்தின் (லாரி) பொறியில் உள்ள உயவு எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுவதற்கு இடைப்பட்ட ஓட்டத் தொலைவு அல்லது காலம் ஆகும். தயாரிப்பாளரின் கையேடு தரும் கிலோமீட்டர் அளவே இதற்கு அடிப்படை. ஆயினும் அதுவே முடிவன்று.

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலம் உண்டாகிறது. எண்ணெயில் உள்ள காரப்பொருள்கள் அதனை நடுநிலையாக்கித் தாமும் தீர்ந்துபோகின்றன. அதன்பின் தாங்கிகள் (பேரிங்) அரிக்கப்படும். இந்தியாவில் 350 பிபிஎம் ஆக இருந்த கந்தக உச்சவரம்பு 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. புதிய உந்துகளின் இடைவெளி நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் அந்த அளவைப் பழைய உந்துக்குப் பின்பற்றலாகாது.

தொலைவை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீமிசலில் மீன் ஏற்றக் காத்து நிற்கும் உந்தின் பொறி அணைக்கப்படாவிடில், தொலைவுமானி நகராது. எண்ணெய் மட்டும் கெடும். எனவே பொறி ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் கறுத்துவிட்டதென்று மாற்றுவது பரவலான தவறு. கரித்துகளைப் படியவிடாமல் தன்னுள் தாங்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். ஐயமிருப்பின் காரத்தன்மை, கரி, உலோகத்துகள் ஆகியவற்றின் அளவை ஆய்வகத்தில் சோதித்து அறியலாம். அளவுக் கம்பியில் (டிப்ஸ்டிக்) எண்ணெய் பால்நிறமாகத் தெரிந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். அப்போது இடைவெளி பாராது பொறியை உடனே நிறுத்த வேண்டும்.