தந்தை பெயருக்கு எதிரே ஒரு வெற்றிடம்



சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறந்த முதல் வாரத்தில், மாணவர் விவரப் படிவத்தில் தந்தை பற்றிய இடங்களை நிரப்பாமலே கொடுத்தான் ஒரு மாணவன். “அப்பாவிடம் கேட்டு எழுதி வா” என்றேன். அவன் தலை கவிழ்ந்தான். ஆசிரியர் அறையில் ஒருவர், “தாய் சரியில்லை போலும்” என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. அன்றிரவு என் பாட்டியின் நினைவு வந்து என்னை உறுத்தியது.

பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர் அவர். 1943இல் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்தபோது, என் பாட்டனாரும் லாரியில் ஏற்றப்பட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிவுற்றது, அவர் திரும்பவில்லை. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களுள் பல்லாயிரவரை மாய்த்தன. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்கோ முறையான பெயர்ப்பட்டியல்கூட வைக்கப்படவில்லை. ஆதலால் பாட்டிக்குச் சாவுச் செய்தியும் வரவில்லை. நெற்றிப் பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்று அறியாமலே, ஆணைவிடக் குறைந்த கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். இன்றைய வழக்கில் அவரும் ஒரு ‘தனித்து வாழும் தாய்’தான். அவரை யார் குறை கூற முடியும்?

போர் முடிந்தபின்னும் காரணங்கள் ஓயவில்லை. குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்ற சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தது. பிழைப்பிழந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்திற்குக் கப்பலேறினர். கணவன் அங்கும் மனைவி மக்கள் இங்குமாகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு.

மூன்றாவது காரணம், நம் அறியாமை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதன்பின்னும், கோயிலில் தாலி கட்டியதே போதுமென்று பதிவு செய்யாமல் வாழ்ந்தோர் பலர். கணவன் கைவிட்டபோது, மனைவி என்று காட்ட அப்பெண்களிடம் ஒரு தாளும் இல்லை.

இன்று மரணம், மணவிலக்கு, குடிப்பழக்கம் எனக் காரணங்கள் பல. ஒவ்வொரு வெற்றிடத்தின் பின்னும் ஒரு வரலாறு இருக்கிறது. அதனை அறியாமல் தாயின் ஒழுக்கத்தை எடைபோடும் உரிமை நமக்கில்லை.

மறுநாள் அம்மாணவனைத் தனியே அழைத்து, “உன்னைப் பார்த்துக்கொள்பவர் பெயரை எழுது, போதும்” என்றேன். தன் தாயின் பெயரை அழகிய கையெழுத்தில் எழுதினான்.

பெற்றோர்களே, திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் தந்தையைப் பற்றிக் கேளாதீர்கள். நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.